‘டி-ல இருந்ததெல்லாம் எங்கே தம்பி?’: யாங்கோனில் ஒரு லினக்ஸ் வழிகாட்டியை மூன்று தடவை எழுதிய கதை

யாங்கோனில் காளி கோயில் இருக்கிற அனோரத்தா சாலையிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் ஒரு சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பர்மாவில் தமிழ் பெரும்பாலும் இந்த மாதிரி மண்டபங்களிலும் கோயில் வளாகங்களிலும்தான் படிக்கப்பட்டு வருகிறது. அந்த மண்டபத்துக்கு ஒன்பது பழைய லேப்டாப்கள் நன்கொடையாக வந்தன. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் கேட்கிறது. ஒன்பதில் ஒன்றுக்குக்கூட அந்தத் தகுதி இல்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுவோம் என்று முடிவானது.

போடுவது பெரிய வேலை இல்லை. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருப்பேன். ஆனால் மண்டபத்துப் பெரியவர் விடவில்லை. “நீ போட்டுட்டுப் போயிட்டா அடுத்த தடவை யாருப்பா போடுவா? பிள்ளைங்களே பார்த்துப் போடற மாதிரி தமிழ்ல ஒரு தாள் எழுதிக் குடு” என்றார். கணினி பழுதுபார்ப்பது என் தொழில், எழுதுவது இல்லை. இருந்தும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தாளை மூன்று தடவை எழுதவேண்டி வந்தது. நடுவில் அந்தத் தாளாலேயே ஒருவருக்கு நஷ்டமும் வந்தது.

தமிழ் பேசும் திரை, பர்மா தெரியாத திரை

லினக்ஸில் பல வகை உண்டு, முதலில் நான் தேர்ந்தெடுத்தது டெபியன். காரணம் எளிது: அதன் வரைகலை நிறுவியில் (லினக்ஸைப் போட்டுத்தரும் திரைகள்) தமிழ் இருக்கிறது. திரையே தமிழில் பேசும்போது தாளுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். டெபியனின் சொந்தக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நேர்மையான, முழுமையான கையேடு அது. ஆனால் டெபியன் என்றால் என்ன, எந்தெந்த பிராசஸர் வகை என்பதிலிருந்து தொடங்குகிறது. ‘சுருக்கமாக எப்படிப் போடுவது’ என்கிற பகுதி பின்னிணைப்பில் இருக்கிறது. முதல் தடவை போடுகிறவனுக்கு முதலில் வேண்டியது கடைசியில்! நானும் அதே வரிசையைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கத்துக்குச் சுருக்கி எழுதினேன்.

முதல் பரீட்சையில் மூன்றாவது திரையிலேயே நின்றுவிட்டது. தமிழைத் தேர்ந்தெடுத்ததும் நிறுவி நாடு எது என்று கேட்கிறது. தமிழுக்கான குறும்பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன, மியன்மார் இல்லை. ‘மற்றவை’ போய், ஆசியா போய், மியன்மாரைப் பிடித்தால், இந்த மொழிக்கும் இந்த நாட்டுக்கும் சேர்ந்த அமைப்பு எதுவும் இல்லை, வேறொன்றைத் தேர்ந்தெடு என்று இன்னொரு கேள்வி வருகிறது. பர்மாவில் தமிழ் பேசுகிறவன் இருப்பான் என்று அந்தத் திரைக்குத் தெரியாது. நூற்றைம்பது வருடமாக இங்கே இருக்கிறோம், அதைத் திரையிடம் சொல்லி என்ன பயன். தொல்லை எதற்கென்று இந்தியாவைத் தட்டிய பையனுக்குக் கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் பின்னால் ஓடியது. யாங்கோன் நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால், இந்தியா ஐந்தரை.

அதைவிடப் பெரிய சிக்கல் சொற்களில் இருந்தது. இங்குள்ள பிள்ளைகள் தமிழைத் தடையில்லாமல் பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். பர்மிய எழுத்துதான் அவர்களுக்கு வேகம். திரையிலும் என் தாளிலும் ‘நிறுவு’ என்று இருந்தது. அந்தச் சொல்லை அவர்கள் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. கடையில் சொல்வது ‘விண்டோஸ் போடறது’, ‘ஃபார்மட் அடிக்கிறது’. பர்மிய மொழியில் ‘விண்டோ தின்’ என்பார்கள், ஏற்றுவது என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு விண்டோவைத் தின்னச் சொல்வதுபோல் இருக்கும். அதனால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார்கள். டிஸ்க்கைத் துண்டு போடுவதற்கு நான் பெருமையோடு எழுதிய ‘வட்டுப் பகிர்வு’ என்பதை ஒரு பெண் படித்துவிட்டு, “இதை யாருக்குப் பகிரணும் அண்ணே?” என்று கேட்டாள். ஃபேஸ்புக்கில் ஷேர் செய்வதைத்தான் அவள் பகிர்வு என்று பார்த்திருக்கிறாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆகவே டெபியனை விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் என்கிற இன்னொரு வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறினோம். பழைய லேப்டாப்களுக்கு அது இலகு. எதையும் அழிக்காமல் யுஎஸ்பி ஸ்டிக்கிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், இணையமே இல்லாமல் முழுதாகப் போடலாம். திரை ஆங்கிலத்தில், தாள் தமிழில். பொத்தானில் என்ன ஆங்கில எழுத்து இருக்கிறதோ அதையே தாளில் அப்படியே அச்சடித்து, பக்கத்தில் அது என்ன செய்யும் என்று பேச்சுத் தமிழில் எழுதினேன். மொழிபெயர்ப்பதைவிட இது உதவியது. பையன் எழுத்தைப் படிப்பதில்லை, தாளில் இருக்கிற வடிவத்தைத் திரையில் தேடுகிறான். தமிழ்த் திரை வேண்டும் என்று இன்னும் எனக்கு ஆசைதான். ஆனால் பிழைச்செய்தி ஒன்று தமிழில் வந்தால் அதை வைத்துத் தேடி உதவி வாங்க முடியாது என்பதும் உண்மை.

பொட்டலத்தோடு உலையில்

இரண்டாவது தாளைப் பரீட்சை பார்த்த விதம் இது: கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, தாளையும் கொடுத்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒரே விதி. இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். கை தானாக நீளும். “அது இல்லப்பா” என்று நாக்கு நுனி வரை வரும்.

பத்தாம் வகுப்புப் பையன். மூன்று ஜிபியை ஒட்டிய ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸ் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம்) மொபைல் டேட்டாவில் இறக்கச் சொல்ல முடியாது, அதனால் முன்பே லேப்டாப்பில் வைத்திருந்தேன். தாளில் முதல் வரி: ‘ஐஎஸ்ஓவை ஸ்டிக்கில் எழுதவும்.’ அவன் கோப்பைப் பிடித்து இழுத்து ஸ்டிக்கில் போட்டான். காப்பி ஆனது. ‘லேப்டாப்பை மறுபடி துவக்கவும்’ என்றது தாள். துவக்கினான். விண்டோஸ் வந்தது, எப்போதும்போல. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, ஏறிடுச்சா?” என்றான்.

தாளில் அதற்குப் பதில் இல்லை. ஏறியிருந்தால் என்ன தெரியும், ஏறாவிட்டால் என்ன தெரியும் என்று நான் எழுதவே இல்லை. ‘எழுதவும்’ என்கிற ஒரு சொல்லுக்குள் ஒரு முழு வேலையை மடித்து வைத்துவிட்டேன். ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்வது, அரிசியைப் பொட்டலத்தோடு உலையில் போடுவது மாதிரி. அதைப் பிரித்து ஸ்டிக்கில் பரப்ப ரூஃபஸ் மாதிரி ஒரு கருவி வேண்டும். பழகியவனுக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம், அதனாலேயே சொல்லாமல் விட்டுப்போகிறது.

திருத்திய தாளில் கருவியின் பெயரோடு இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘முடிந்ததும் ஸ்டிக்கைத் திறந்து பார். பூட், காஸ்பர், ஈஎஃப்ஐ என்று ஃபோல்டர்கள் தெரிந்தால் சரி. ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே கோப்பு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை.’ அந்த ஒரு வரி வந்த பிறகு அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. செயலைச் சொல்வதைவிட அடையாளத்தைச் சொல்வது வேலை செய்தது.

அப்புறம்தான் உறைத்தது: ஸ்டிக் தயாரிக்கிற வேலையைப் புதியவர் தலையில் ஏன் கட்டவேண்டும்? வென்டாய் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை ஒரு தடவை ஸ்டிக்கில் போட்டுவிட்டால் போதும், பிறகு ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தாலே வேலை செய்யும். அந்தப் பையன் செய்த தப்பே அங்கே சரியான வழி. ஆனால் செக்யூர் பூட் (அறிமுகமில்லாத மென்பொருளைத் துவக்கவிடாத காவல்) இருக்கிற லேப்டாப்பில் வென்டாய் முதல் தடவை ஒரு நீலத் திரை காட்டி, சாவியைப் பதிவு செய் என்று கேட்கும். அதற்கு ஒரு பக்கம் எழுதவேண்டும். ஒரு குழியை மூடினால் இன்னொன்று. கடைசியில் தாளை இரண்டாகப் பிரித்தேன். ஸ்டிக் தயாரிக்கிறவருக்கு ஒன்று, லினக்ஸ் போடுகிறவருக்கு ஒன்று. ஐஎஸ்ஓ சுத்தமானதா என்று செக்சம் பார்ப்பதும், அதாவது கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுவதும், ஸ்டிக் தயாரிக்கிறவர் தாளுக்குப் போய்விட்டது. அதை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குச் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். அதனால் எடுக்கமுடியாது என்றேன். ஆனால் அதைப் புதியவர் முதல் வரியில் பார்க்கத் தேவையில்லை.

ஸ்டிக்கிலிருந்து துவக்க அழுத்தவேண்டிய பொத்தான் விஷயம் சின்னது. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அட்டவணை போட்டிருந்தேன். யாரும் சரியான நொடியில் அழுத்தவில்லை. விண்டோஸில் ‘ஷட் டவுன்’ என்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் முழுசாக அணைப்பதும் இல்லை. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும், அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தட்டினால் ஸ்டிக் தெரியும். அட்டவணையைத் தாளின் பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு இதை முன்னால் வைத்தேன். பழைய பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்த இரண்டு லேப்டாப்புக்கு மட்டும் பின்பக்கம் தேவைப்பட்டது.

டி டிரைவ்

இப்போது அந்த நஷ்டம்.

மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை ஒருவர். பிள்ளைகள் சயாமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். மண்டபத்து லேப்டாப்களில் லினக்ஸ் வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, என் தாளின் ஒரு நகலையும் ஒரு ஸ்டிக்கையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தார். லினக்ஸ் அருமையாக ஏறியிருந்தது. “எல்லாம் நல்லா இருக்கு. டி-ல இருந்ததெல்லாம் எங்கே தம்பி?” என்றார்.

டி டிரைவில் குடும்பத்து ஃபோட்டோக்கள் இருந்தன. மகள் கல்யாணம், அவருடைய அம்மாவின் கடைசிப் பிறந்தநாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தாளில் ‘முன்னதாக முக்கியமான கோப்புகளைக் காப்பு எடுத்துக்கொள்ளவும்’ என்று இருந்தது உண்மை. எங்கே இருந்தது? பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ‘எரேஸ் டிஸ்க்’ தட்டச் சொன்ன வரிக்குப் பிறகு. அவர் அதைப் படித்தபோது டிஸ்க் அழிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஆனால் எச்சரிக்கை மேலே இருந்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவரிடம் நிதானமாகக் கேட்டபோது சொன்னார்: “கடையில எத்தனை தடவை ஃபார்மட் அடிச்சிருக்காங்க. சி தானே போகும், டி-ல வச்சா பத்திரம்னு நீங்கதானே சொல்வீங்க.” உண்மை. கடைக்காரர்கள் நாங்கள்தான் அப்படிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். டிஸ்க்கை சி, டி என்று இரண்டாக வெட்டி, விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பப் போடுவது எங்கள் வழக்கம். ஆக, சயாமா என் எச்சரிக்கையைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார்? டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோட்டோக்களையும் சேர்த்து டி-க்கு மாற்றியிருப்பார். அவர் அகராதியில் காப்பு என்றால் டி.

லினக்ஸுக்கு சி-யும் தெரியாது டி-யும் தெரியாது. அது முழு டிஸ்க்கையும் எஸ்டிஏ என்றோ என்விஎம்இ என்றோ ஒரு பெயரில் பார்க்கிறது. சி, டி எல்லாம் அதற்குள் எண் போட்ட துண்டுகள். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்வதுதான் கடை ஃபார்மட். ‘எரேஸ் டிஸ்க்’ வீட்டையே இடிப்பது. நான் எழுதிய ‘டிஸ்க்கை அழித்துவிட்டு’ என்பதில் அந்த வித்தியாசம் எங்கேயும் இல்லை. படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுதினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் அவரைக் கவிழ்த்தது.

ஃபோட்டோரெக் என்கிற மீட்புக் கருவியை ஓட்டி இரண்டு நாள் தோண்டினேன். கொஞ்சம் படங்கள் கிடைத்தன. கோப்பின் பெயரையோ ஃபோல்டரையோ அந்தக் கருவி மீட்டுத் தராது, எண் போட்ட குவியலாகத்தான் கொட்டும். சயாமா அந்தக் குவியலை உட்கார்ந்து பிரித்தார். அம்மாவின் பிறந்தநாள் படங்களில் பாதி வந்திருந்தன. மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் படம் வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது தாளின் முதல் வரி, எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய எழுத்தில்: ‘இது கடையில் ஃபார்மட் அடிப்பது மாதிரி இல்லை. சி, டி, இ எல்லாமே போய்விடும். வேண்டியதை இந்த லேப்டாப்புக்கு வெளியே வேறொரு டிஸ்க்கிலோ ஸ்டிக்கிலோ வைத்துவிட்டு, அதை இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு வா.’ காப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சேர்த்தேன். ‘எரேஸ் டிஸ்க்’ தேர்ந்தெடுத்து ‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தினால் உடனே அழிவதில்லை. டிஸ்க்கில் என்னென்ன மாறப்போகிறது என்று பட்டியல் போட்டு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதில் ‘கண்டின்யூ’ அழுத்தினால்தான் வேலை தொடங்கும். இரண்டாவது தாளில் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளில் இல்லாத பெட்டி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? தள்ளிவிட்டுப் போவார்கள். சயாமாவும் அதைத்தான் செய்தார். இப்போது தாளில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு தடித்த கோடு. கோட்டுக்கு மேலே: ‘இதுவரை எதுவும் அழியவில்லை. பயமாக இருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.’ கோட்டுக்குக் கீழே: ‘இனித் திரும்ப முடியாது.’ இந்தக் கோடு பயமுறுத்தும் என்று நினைத்தேன். நேர்மாறாக, கோடுவரை பிள்ளைகள் தைரியமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எந்த டிஸ்க் என்று அடையாளம் காண அளவைச் சொன்னேன். அதிலும் ஒரு குழப்பம்: விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும் அதே டிஸ்க்கை நிறுவி 500 என்று காட்டுகிறது. கணக்கு வைக்கும் முறை வேறு, டிஸ்க் ஒன்றுதான். ‘வேறு டிஸ்க் வந்துவிட்டதோ’ என்று ஒரு பையன் வியர்த்துப்போனதைப் பார்த்தபிறகு இதுவும் தாளில் ஏறியது.

ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட

நான் எதிர்பார்க்காத ஒன்று, தாளை யாரும் தனியாகப் படிக்கவில்லை என்பது. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பாட்டியோ சயாமாவோ, சத்தமாகப் படிக்கிறார். பிள்ளை கேட்டுக்கொண்டு தட்டுகிறது. அப்படிப் பார்த்தால் நான் எழுதிய ‘மேலே குறிப்பிட்டவாறு’, ‘அவ்வாறு இல்லையெனில்’ எல்லாம் காதில் விழுந்து உதிர்ந்துவிடும். மூச்சு விடாமல் படிக்கமுடியாத வாக்கியங்களை எல்லாம் வெட்டினேன். ஒரு வாக்கியம், ஒரு தட்டு. அடுத்த வாக்கியம், திரையில் என்ன தெரியவேண்டும். பாட்டி அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேள்வியாக்கிவிடுகிறார்: “இப்ப பச்சையா ஒரு படம் தெரியுதாடா?” எழுதியதைவிட அது நன்றாகவே இருந்தது.

கரண்ட் பற்றி எழுதாமல் விட்டது என் மடத்தனம். இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. பாட்டரி செத்த லேப்டாப்பில் பாதி ஏறியபோது கரண்ட் போனது. பிள்ளைகள் லேப்டாப்பே செத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். தாளில் இப்போது: ‘நடுவில் கரண்ட் போனால் லேப்டாப் கெடாது. ஸ்டிக்கிலிருந்து மறுபடி முதலிலிருந்து போடு.’ பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போவதுதான் ஆபத்து, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போட்டு முடித்தபின் வருகிற புகார்களில் முக்கால்வாசி எழுத்தைப் பற்றியது. பழைய பர்மியக் கோப்புகள் கன்னாபின்னாவென்று தெரிகின்றன, லினக்ஸ் கெடுத்துவிட்டது என்கிறார்கள். அவை சௌஜீ என்கிற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவை. உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடின் இடங்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கிய முறை அது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு யூனிகோடுக்கு மாறியது, கோப்புகள் தானாக மாறவில்லை. தமிழில் பாமினி, டிஸ்கி என்று பழைய எழுத்துமுறைகளோடு நாம் பட்ட பாடுதான். தாளின் கடைசியில் மாற்றி எழுதும் வழி இரண்டு வரியில் இருக்கிறது.

மூன்றாவது தாளைக் கடைசியாகப் பரீட்சை பார்த்தது சயாமா. அவராகவே கேட்டார். மண்டபத்து லேப்டாப் ஒன்று, படிப்பதும் அவரே, தட்டுவதும் அவரே. கோடு வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தார். பிறகு தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஏறி முடிந்து, ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டிக்கைப் பிடுங்கு என்று திரை சொன்னதும் பிடுங்கினார். அப்புறம் கைகட்டிக் காத்திருந்தார். திரை அசையவில்லை. ஸ்டிக்கை எடுத்துவிட்டு என்டர் அழுத்தவேண்டும். திரையில் அது இருக்கிறது, சின்ன எழுத்தில். என் தாளில் இல்லை.

சில நிமிடம் கழித்து அவரே கண்டுபிடித்து அழுத்தினார். பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் பர்மிய எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதி என்னிடம் நீட்டினார்: ‘எடுத்தபின் என்டர்.’